மங்கிப்போன பேக்லைட்

பரணில் கிடந்த பழைய வால்வு ரேடியோவை இறக்கித் துடைக்கிறோம். ஈரம் இருக்கும்வரை பெட்டி புதிதுபோல மின்னுகிறது. உலர்ந்ததும் மறுபடி சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது. அழுக்குத்தான் போகவில்லை என்று இன்னும் அழுத்தித் தேய்க்கத் தோன்றும். அங்கேதான் பலர் பெட்டியைக் கெடுக்கிறார்கள்.

அடர்பழுப்பு, கறுப்பு நிறப் பெட்டிகள் பெரும்பாலும் பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர் லியோ பேக்லண்ட், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து 1907இல் உருவாக்கிய பிசின். வெறும் பிசின் எளிதில் நொறுங்கும் என்பதால் அதில் மரத்தூளைக் கலந்து, சூடான எஃகு அச்சில் வைத்து அழுத்தினார்கள். அச்சின் உட்புறம் நன்றாக மெருகேற்றியிருக்கும். அந்த மெருகைத்தான் பெட்டியின் மேலுள்ள மெல்லிய பிசின் படலம் வாங்கிக்கொள்கிறது. பல ஆண்டு வெயிலும் ஈரமும் அந்தப் படலத்தை அரித்தால், அடியிலிருக்கும் மரத்தூள் தலைகாட்டும். அதுதான் மங்கல்.

பித்தளைக் குத்துவிளக்கு உள்ளே வரை பித்தளை. தேய்க்கத் தேய்க்கப் புதுப் பித்தளை வரும். பேக்லைட் அப்படியல்ல. படலம் தேய்ந்துபோனால் மிஞ்சுவது மரத்தூள்தான். எனவே உப்புத்தாள், பாத்திரம் துலக்கும் பொடி, இரும்பு நார் எதுவும் கிட்டே வரக்கூடாது. சில பழைய பேக்லைட்டில் மரத்தூளுக்குப் பதிலாகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கலந்திருப்பதும் உண்டு. உலர்வாகத் தேய்த்து அந்தத் தூளைச் சுவாசிப்பது ஆபத்து.

மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே கன்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம். உட்பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸைக் கழற்றும் வேலையை ரேடியோ மெக்கானிக்கிடம் விடுங்கள். காலிப் பெட்டி மட்டும் நம் கைக்கு வரட்டும். மென்மையான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். ஊறவைக்க வேண்டாம். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். நன்றாகக் காய்ந்த பின், கார் பாலிஷைப் பனியன் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, மெதுவாகத் தேய்க்கலாம். துணியில் பழுப்பு ஏறும். அரித்துப்போன படலம் வருகிறது என்று அர்த்தம். பளபளப்பு தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மேலே மெழுகு பூசினால், மரத்தூளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்கள் நிரம்பி நிறம் ஆழமாகும். பழுப்பு ஷூ பாலிஷும் இதே வேலையைச் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. முதலில் ஜொலிக்கும். பிறகு தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ரேடியோவில் இருப்பதெல்லாம் பேக்லைட் என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளை, தந்த நிறப் பெட்டிகள் பெரும்பாலும் வேறு வகை. பிற்காலத்துப் பெட்டிகளிலும் குமிழ்களிலும் இருக்கும் பாலிஸ்டைரீன் தின்னர் பட்டால் கரைந்துவிடும். ஒளிபுகும் அக்ரிலிக் முகப்பில் கீறல் இருந்தால், பற்பசையை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் மெல்லிய கீறல் மறையும். ஆனால் அலைவரிசை எண்களும் ஊர்ப்பெயர்களும் எழுதிய முகப்புக் கண்ணாடியின் பின்புறத்தைத் தொடவே வேண்டாம். எழுத்து அங்கேதான் இருக்கிறது. ஈரத்துணி பட்டால் துணியோடு வந்துவிடும். பெட்டி மங்கலாக இருந்தாலும் ரேடியோ ரேடியோதான், எழுத்துப்போன கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது அரிது.

குமிழ்களைத் திரும்ப மாட்டும்போது பக்கவாட்டிலுள்ள சிறு திருகுக் குழியைக் கவனியுங்கள். அதில் பழைய மெழுகு அடைத்திருந்தால் அழுக்கென்று சுரண்டி எறிந்துவிடாதீர்கள். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் ரேடியோக்களில் சேசிஸே நேரடியாக மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். திருகில் விரல் பட்டால் ஷாக் அடிக்கலாம் என்றுதான் அந்தக் குழியை மெழுகால் மூடினார்கள். கழற்றியிருந்தால், மாட்டியதும் மறக்காமல் மெழுகை உருக்கி ஊற்றிக் குழியை அடைத்துவிடுங்கள்.