பயந்தவங்க டாக்டர்கிட்ட வரமாட்டாங்க

எங்க டீம்ல சர்வர் படுத்துடுச்சுன்னா முதல் கேள்வி "யாரு பண்ணது?" இல்ல, "என்ன நடந்துச்சு?"ங்கறதுதான். யாருன்னு தேட ஆரம்பிச்சா எல்லாரும் தப்பை மறைச்சிடுவாங்க, கோளாறு அப்படியே இருக்கும். இதே பிரச்சினை அமெரிக்காவில் கர்ப்பிணிகள் விஷயத்திலும் இருக்கு.

கர்ப்பமா இருக்கும்போது அம்மா குடிக்கிற மது, நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போகும். மூளை வளர்ச்சி பாதிச்சா அது வாழ்நாள் முழுக்க கூடவே வரும். 1973ல் சியாட்டிலைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ரெண்டு டாக்டர்களும் இதுக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சாங்க. இதைத் தடுக்க மாநிலங்கள் வேற வேற வழியில போச்சு.

விஸ்கான்சின் 1998ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. கட்டுப்பாடில்லாமல் குடிக்கும் கர்ப்பிணியை, கருவுக்குக் கடுமையான ஆபத்து இருக்குன்னா, கோர்ட் மூலமா பிடிச்சு வைக்கலாம். கருவுக்கு ஒரு சட்டப் பிரதிநிதியையும் நியமிப்பாங்க.

வாஷிங்டன் மாநிலத்தில் வேற மாதிரி. 1991ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'பி-கேப்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஒரு பணியாளர் மூணு வருஷம் அந்தப் பெண்ணோட வீட்டுக்கே போவாங்க. சிகிச்சை, தங்க இடம், டாக்டர் அப்பாயிண்ட்மென்ட்னு எல்லாத்துக்கும் கூட நிப்பாங்க. நடுவுல திரும்பக் குடிச்சுட்டாங்கன்னு யாரையும் வெளியே அனுப்புறது கிடையாது. பிறகு மாநில அரசும் இதுக்குப் பணம் கொடுத்தது.

எது வேலை செய்யுது? 1972லிருந்து 2013 வரைக்குமான அமெரிக்கப் பிறப்புப் பதிவுகளை வெச்சு ஓர் ஆய்வு 2018ல் வந்தது. கர்ப்பிணி குடிச்சா அதைக் குழந்தை மீதான வன்கொடுமையா பார்க்கிற சட்டம் இருந்த இடங்களில், எடை குறைந்த பிறப்புகள் அதிகம். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வருவதும் குறைவு. சட்டம்தான் காரணம்னு இது அடிச்சுச் சொல்லல. ஆனா, மாட்டிப்போம்னு பயப்படுறவங்க டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்வாங்களா?

குழந்தையைக் காப்பாத்தணும்ங்கற அக்கறையில் தப்பே இல்ல. கர்ப்பத்தில் "இவ்வளவு குடிச்சா பரவாயில்ல"ன்னு சொல்ல ஒரு பாதுகாப்பான அளவும் கிடையாது. ஆனா குழந்தைகிட்ட போற ஒரே வழி அம்மாதான்.

நாளைக்கு ஒரு தோழி, "கர்ப்பம்னு தெரியாம குடிச்சிட்டேன்டா"ன்னு உங்ககிட்ட அழுதா, திட்டாதீங்க. டாக்டர்கிட்ட கூடவே போங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!