குழந்தைகளின் வண்ணப்பெட்டியும் கொள்முதல் விதியும்



குழந்தைகளின் வண்ணப்பொருள்களைப் பற்றிய பேச்சு, அவை நச்சுள்ளவையா நச்சற்றவையா என்ற கேள்வியோடு நின்றுவிடுவது வழக்கமாகியிருக்கிறது. அக்கேள்வி தேவையானதே, ஈயமும் காட்மியமும் கலந்த வண்ணங்கள் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் போகக் கூடாது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால், பிள்ளையின் உடலுக்குத் தீங்கு செய்யாத பொருள், குப்பைக்குப் போன பிறகு மண்ணுக்கும் நீருக்கும் தீங்கு செய்யாது என்பதற்கு உறையின்மேல் அச்சிட்ட ‘நச்சற்றது’ என்ற முத்திரை எந்த உறுதியும் தருவதில்லை.

மை தீர்ந்த ஒரு ஸ்கெட்ச் பேனாவின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழியாலான குழாய், மையை உறிஞ்சி வைத்திருக்கும் பாலியெஸ்டர் இழைத் திரி, இழைகளை இறுக்கிச் செய்த முனை, மூடி என எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவையாக இருக்கக் காணலாம். காகிதத்தில் ஏறுவது சில துளி மை; எஞ்சும் கூடோ, பலவகை நெகிழிகள் ஒன்றோடொன்று செருகி மைக்கறையும் படிந்திருப்பதால், காயலான் கடையிலும் விலைபோகாது. அதனோடு ஒப்பிட்டால், பெட்ரோலியத்தின் துணைப்பொருளான பாரஃபின் மெழுகில் செய்யப்பட்டாலும், கடைசித் துண்டு வரை தேய்ந்து தீரும் கிரையான் எவ்வளவோ மேல். தேன்மெழுகிலும் சோயா மெழுகிலும் செய்த கிரையான்கள் விற்பனைக்கு வந்துள்ளன என்றாலும், அவற்றின் விலை இன்னும் ஏழைப் பெற்றோருக்கு எட்டுவதாக இல்லை.

ஜிகினாவுக்கு இந்த அளவு பரிவும் வேண்டியதில்லை. மெல்லிய பாலியெஸ்டர் தாளில் அலுமினியம் பூசிப் பொடியாக நறுக்கிய இது, செய்யும்போதே நுண்நெகிழி, அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய நெகிழித் துகள்; கை கழுவும் நீரோடு சாக்கடைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப அள்ள வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் நெகிழி ஜிகினாத் தூள் விற்பனைக்குத் தடை விதித்தது இதனால்தான்.

மாற்றுப் பொருள்கள் அடுப்பங்கரையிலும் வேலியோரத்திலும் கிடைக்கின்றன. மஞ்சளில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால், அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரத்தன்மைக்கு ஆட்பட்டுச் செந்நிறம் கொள்கிறது. சங்குப்பூச் சாற்றின் நீலம், எலுமிச்சை பிழிந்தவுடன் ஊதாவாகிறது. ஓவிய வகுப்பிலேயே வேதியியல் பாடமும் நடந்துவிடுகிறது. சுண்ணாம்பை மட்டும் ஆசிரியர் கையாள்வது நல்லது. இவற்றின் குறையையும் மறைப்பதற்கில்லை: மஞ்சள் வெயிலில் வெளுக்கும், பூச்சாறு சில நாளில் கெடும். நிலைத்திருக்க வேண்டுமானால் செங்காவி போன்ற கனிம மண்களையே நாட வேண்டும். சித்தன்னவாசல் ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் எஞ்சியிருப்பது கனிம வண்ணங்களால்தான். பழைய முறை என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் கலக்கும் மயில்துத்தம், பிள்ளைகளுக்கு ஆகாத நஞ்சு.

எனினும் வீட்டுக்கு வீடு நடக்கும் இம்முயற்சிகளைவிட வலிமையானது கொள்முதல். தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரையான்களையும் வண்ணப் பென்சில்களையும் விலையின்றி வழங்குகிறது. இவ்வளவு பெரிய வாங்குபவர், ஒப்பந்தப்புள்ளியில் நெகிழி உறை கூடாது, காகிதப் பெட்டியே வேண்டும், மெழுகின் மூலம் இன்னதென்று அறிவிக்க வேண்டும் என மூன்று விதிகள் சேர்த்தால், உற்பத்தியாளர் அதற்கேற்ப மாறியே தீர வேண்டும். வாங்கும் பொருள்களுக்கான பொறுப்பிலிருந்து தனியார் பள்ளிகளும் தப்ப முடியாது. அலங்காரத் தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ள நிலையில், ஆண்டுவிழா மேடைக்கு அதை வாங்கிவரச் சொல்வது சட்டத்துக்கே புறம்பு.

ஆகவே, விதிகள் மூன்றையும் கோரும் தீர்மானத்தை ஆசிரியரும் பெற்றோரும் கூடியிருக்கும் இந்த அவை இன்றே நிறைவேற்றிப் பள்ளிக்கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். வரும் கல்வியாண்டின் பொருள் பட்டியலில் இருந்து ஜிகினாவை ஒவ்வொரு பள்ளியும் நீக்க வேண்டும்.