மறதியும் மகளிரும்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விலங்கியல் வகுப்பில் தவளையை அறுக்கவே கை நடுங்கிய நான் இன்று மனித மூளையைப் பற்றிப் பேச நிற்கிறேன். முன்வரிசையில் என் ஆசிரியர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். நினைவாற்றலைச் சோதிக்கும் உளவியலாளர் வேலை என்னுடையது. ஆனால் இன்று சொல்லப்போவது என் அம்மாவிடம் நான் கோட்டைவிட்ட கதை.

எங்கள் வீடு காரமடைக்குப் பக்கம். கறிவேப்பிலைத் தோட்டம். அப்பாவுக்கு மறதி வந்தபோது ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. கணக்கு நோட்டில் கூட்டல் தப்பியது. "ஏனுங்க, நேத்துத்தானுங்க பணம் வாங்குனீங்க?" என்று வியாபாரியே கேட்டுவிட்டார்.

அம்மாவிடம் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வாய் ஓயாத பேச்சு. மாசித் தேருக்கு எந்தச் சொந்தம் வந்தது, யார் வரவில்லை என்று ஒப்பிப்பார். என் மனைவிதான், "அத்தை அரிசிம்பருப்புக்கு ரெண்டு தரம் உப்புப் போடறாங்க, கவனிச்சீங்களா?" என்றாள். வீட்டு மனுஷரை நாமே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதை மீறி, 15 சொற்களை வாசித்து, அரைமணி கழித்துத் திருப்பிக் கேட்டேன். ஒன்பது சொன்னார். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லை, போ" என்று மனைவியை அடக்கிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, நாற்பது வருடமாய் நடந்த ரங்கநாதர் கோயில் பாதையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார்.

எங்கே தப்பினேன்? சொற்களை நினைவில் வைப்பதில் பெண்கள் பொதுவாகவே ஆண்களைவிடக் கெட்டி. அல்சைமர் நோயின் ஆரம்பத்திலும் அந்தக் கெட்டித்தனம் நிற்கிறது. அமெரிக்காவில் எரின் சன்டர்மன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஒரே அளவு சுருங்கியிருந்தும், லேசான மறதியுள்ள பெண்கள் ஆண்களைவிட அதிகச் சொற்களைச் சொன்னார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தேர்ச்சி மார்க் வைத்தால் நோயுள்ள சில பெண்கள் தப்பிவிடுகிறார்கள். நோயில்லாத சில ஆண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இதையும் அவர்களே 2019இல் காட்டினார்கள். கையிருப்புக் கரைந்த பிறகு பெண்களின் சரிவு வேகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவிடம் நான் பார்த்ததும் அதுதான்.

நம் கிராமத்தில் இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. பள்ளிக்கூடம் போகாத ஆத்தாவிடம் இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்றால் என்ன செய்வார்? பால் கணக்கை விரலிலேயே முடிக்கிறவர் பரீட்சையில் ஃபெயில்! எழுத்தறியாதவருக்கென்று தனியாகச் சோதனைகள் உண்டு. அவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

இந்திய அளவில் எடுத்து 2023இல் வெளியான மதிப்பீட்டில், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு முதுமை மறதி நோய். பெண்களில் 9, ஆண்களில் 5.8. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பெண்கள் அதிக நாள் வாழ்வது ஒரு காரணம். ஆனால் அன்றைக்குப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டோமே, அதற்கும் இதில் பங்குண்டு. இளவயதுப் படிப்பு பிற்கால மூளைக்குக் காப்பு என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

இப்போதெல்லாம் ஒரு பாட்டியம்மா வந்தால் நான் முதலில் சொற்களை வாசிப்பதில்லை. கூட வந்த மருமகளிடம், "போன வருஷம் தானாச் செஞ்ச எந்த வேலைக்கு இப்ப ஆள் வேண்டியிருக்கு?" என்று கேட்கிறேன். மருந்துச் சீட்டா, சில்லறைக் கணக்கா, செலவு ரசமா, பஸ் நம்பரா? பி12 சத்துக் குறைவோ தைராய்டோ இருந்தாலும் மறதி வரும், அது சரியாகக்கூடியது. அதனால் ரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. "அன்னைக்கே சொன்னனுங்களே" என்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. பந்தி தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.