துவக்குக்குக் கணக்குக் கேட்போம்



துவக்கும் அரசியல் பொறுப்பும் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். வன்னியில் இந்தத் தலைப்புக்கு முன்னுரை தேவையில்லை. இந்த மண்டபத்தில் துவக்கால் ஒருவரையாவது இழக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். ஆகவே நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு விவசாயி பன்றிக்கும் யானைக்கும் காவலாக ஒரு துவக்கு வைத்திருக்க விரும்பினால் அவர் என்னென்ன செய்ய வேண்டும்? விண்ணப்பம் போட வேண்டும். ஏன் தேவை என்று காட்ட வேண்டும். பொலிஸ் விசாரிக்கும். கிடைத்த அனுமதிப்பத்திரத்தை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். இதற்கான சட்டம் ஆங்கிலேயர் காலத்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இடியன் துவக்கோடு பிடிபட்டால் நீதிமன்றம்தான். கட்டுத்துவக்குக் கட்டினாலும் அப்படித்தான். அது சரியே. விறகுக்குப் போனவரும் மாடு தேடிப் போனவரும் கட்டுத்துவக்கில் கால் இழந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு தோட்டக்காரரின் துவக்குக்கு வருடா வருடம் கணக்குக் கேட்கத் தெரிந்த அரசு, தானே வாங்கி, தானே கொடுத்து, தானே சம்பளமும் போட்டு அனுப்பிய துவக்குகளுக்கு என்ன கணக்குக் கேட்டது? இதுதான் என் முதல் கேள்வி.

மிருசுவிலை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இடம்பெயர்ந்திருந்த சனங்கள் தங்கள் வீடு வளவு எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கப் போனார்கள். எட்டுப் பேர் திரும்பி வரவில்லை. கழுத்து அறுக்கப்பட்டு மலக்குழிக்குள் போடப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. செய்தது காவலில் நின்ற படையினர். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுபட்ட வழக்கில், 2015இல், சுனில் ரத்நாயக்க என்ற ஒரே ஒரு படைவீரருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் நாடே கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம் பார்த்து, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். சாட்சிகள் பயத்தை விழுங்கிக்கொண்டு கூண்டில் ஏறியதும், நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகளும் ஒரே கையெழுத்தில் பயனற்றுப் போயின. அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு இங்கே முக்கியம். கொலை செய்தவர் ஒரு சிப்பாய். அவரை வெளியே விட்டவர், மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த அரசியல்வாதி.

தெற்கிலும் இதேபோல ஒரு மன்னிப்பு நடந்தது. 2011 ஒக்டோபரில், உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று, ஆளும் கட்சியைச் சேர்ந்த பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவும் அதே ஆளும் கட்சிக்காரர். 2021இல் அவருக்கும் அதே ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். கொல்லப்பட்டவரின் மனைவியும் மகளும் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு செல்லாது என்று அறிவித்தது. ஜனாதிபதியின் கையெழுத்தையும் கேள்வி கேட்கலாம் என்று இந்த நாட்டின் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதை மனதில் வைத்திருங்கள்.

இனி எங்களைப் பற்றிப் பேசுவோம். இதைப் பேசாமல் இறங்கினால் முதலில் சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1975 ஜூலை 27ஆம் திகதி, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். அவருடைய அரசியல் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். அதற்குத் தேர்தல் இருந்தது. ஆனால் "துரோகி" என்ற ஒரு சொல்லோடு வழக்கு, விசாரணை, தீர்ப்பு எல்லாம் முடிந்தன. அன்றைக்கு எங்களில் எத்தனையோ பேர் உள்ளுக்குள் மெச்சினோம். 1989 ஜூலையில் தமிழ் அரசியல் தலைவர்களான அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொழும்பில் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். 1998இல் மேயராக இருந்த சரோஜினி யோகேஸ்வரன். ஒவ்வொரு முறையும் வெடிச் சத்தம் அடங்கியதும் நாங்கள் கேட்டது என்ன? "அவர் என்ன செய்தவர்?" என்றுதான் கேட்டோம். இறந்தவரைத்தான் விசாரித்தோம். சுட்டவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்கவே இல்லை. ஐயா, அம்மா, கேட்கப் பயமாக இருந்தது என்பது உண்மை. பயத்துக்கு நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் பயம் போன பிறகும் கேட்கவில்லை என்றால் அது வேறு விஷயம்.

எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே வாருங்கள். 1984 நவம்பர் 30ஆம் திகதி கென்ற் பாம், டொலர் பாம் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்கள மக்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தக் குடியேற்றம் தமிழரை விரட்டிவிட்டுச் செய்த அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் குழந்தைகள் அதற்குப் பொறுப்பாளிகள் இல்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. ஓரிரு நாள் கழியவில்லை, பக்கத்தில் ஒதியமலையில் இராணுவம் 32 தமிழர்களைக் கொன்றது. ஒரே காடு, ஒரே வாரம். இரண்டுக்கும் பொறுப்புச் சொன்னவர் எவரும் இல்லை. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று முஸ்லிம் சனங்களைப் புலிகள் துவக்குமுனையில் ஊரை விட்டு அனுப்பினார்கள். அவர்கள் முள்ளியவளைச் சந்தையில் எங்களோடு யாவாரம் செய்தவர்கள்; எங்கள் பிள்ளைகளோடு படித்தவர்கள். அதற்கும் முழுக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

2009ஐ நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்தவர்கள் முன்னால் அமர்ந்திருக்கிறீர்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு தன் அறிக்கையில், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தின் மீதும் ஆஸ்பத்திரிகள் மீதும் அரசு எறிகணை அடித்ததைச் சொன்னது. சனங்களைப் போகவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததையும் புலிகள் மீது சொன்னது. கொழும்பு முதல் பகுதியை மறுக்கிறது. எங்கள் மேடைகள் இரண்டாவது பகுதியைப் படிப்பதில்லை. பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் ஒளித்துவைத்த தாய்க்கு இரண்டு பகுதியும் தெரியும்.

கணக்குக் கேட்பது எப்படி என்பதை எங்களுக்குக் காட்டியவர்கள் அந்தத் தாய்மார்தான். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்றிலில் அவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்து வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உட்கார்ந்தார்கள். கையில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் உறவுகளின் படம் மட்டும்தான். அவர்களில் பலர் விடை கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். படையினரிடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக அவர்களுடைய குடும்பத்தினர் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், அவர்களை முன்னிலைப்படுத்தும்படி இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஆட்கள் இன்னும் வரவில்லை. 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய கிடங்கில் எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த 52 பேரும் யார், எந்தத் துவக்குக்கு முன்னால் நின்றார்கள், அந்தத் துவக்குக்குக் கட்டளை கொடுத்தவர் யார் என்பதைச் சொல்லும் கடமை அரசாங்கத்துடையது. எந்த அரசாங்கம் வந்தாலும் அந்தக் கடமையும் கூடவே வரும். "அது எங்கள் காலத்தில் நடக்கவில்லை" என்று இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் சொன்னால், ஏற்காதீர்கள்.

தம்பிமாரே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புதுக்குடியிருப்பில் தண்ணீருக்கு நடுவே ஒரு கையில் துவக்கும் மறு கையில் கொடியுமாக ஒரு சிப்பாய்ச் சிலை நிற்கிறது. அதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கும் வருகிறது. ஆனால் உங்கள் தொலைபேசி முகப்பிலும், பிறந்தநாள் பதாகையிலும் துவக்குத் தூக்கிய கதாநாயகனை வைக்கிறீர்களே, அதுவும் அதே மரியாதைதான். துவக்கு வைத்திருப்பவன் பெரியவன் என்ற எண்ணம் தெற்கை இன்று எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பாருங்கள். 2025 பெப்ரவரியில் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவர், புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டுக் கொன்றார். சட்டப் புத்தகத்தின் உள்ளே வெட்டி அதற்குள் துவக்கை ஒளித்துக் கொண்டுபோனார்கள். ஒக்டோபரில் வெலிகம பிரதேச சபைத் தவிசாளரை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டார்கள். கணக்குக் கேட்கப்படாத துவக்கு எல்லோரிடமும்தான் வரும். வடக்கில் சுடும்போது பார்த்துக்கொண்டிருந்தால் தெற்குக்கும் வரும்.

2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. நல்லது. அந்த மீளாய்வின் முடிவு பகிரங்கமாக வேண்டும். எந்த அரசியல்வாதியிடம் எத்தனை துவக்கு, எந்த ஆண்டு, எந்தக் காரணத்துக்காகக் கொடுத்தது என்பதை நாடு அறிய வேண்டும்.

பிரதேச சபை உறுப்பினர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆளுகையில் நூல்நிலையங்கள் இருக்கின்றன. சனசமூக நிலையங்களும் உங்களோடு சேர்ந்தே இயங்குகின்றன. ஒவ்வொரு ஊரிலும் துவக்கால் இறந்தவர்கள், துவக்குமுனையில் விரட்டப்பட்டவர்கள், கொண்டுபோய்த் திரும்பாதவர்கள் எல்லோருடைய பெயரையும் திகதியையும் எழுதி ஒரு ஏடு வையுங்கள். யாருடைய துவக்கு என்பதையும் தெரிந்தவரை எழுதுங்கள். இராணுவம் என்றால் இராணுவம் என்று எழுதுங்கள், இந்தியப் படை என்றால் இந்தியப் படை, இயக்கம் என்றால் எந்த இயக்கம் என்று பெயரோடு எழுதுங்கள். எழுதுவதற்கு வயதானவர்களைத் தேடிப் போங்கள். அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒதியமலையிலிருந்து தொடங்குங்கள். அதே ஏட்டில் கென்ற் பாமையும் தண்ணீரூற்றையும் எழுதுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த ஏட்டை அவர் முன்னால் வைத்துப் பதில் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு வாக்குப் போடாதீர்கள்.