உடலில் பேசும் துயரம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. 1990 ஒக்டோபர் இறுதியில் மன்னாரிலிருந்து வந்த படகுகள் கற்பிட்டிக் கரையில் ஒதுங்கியதை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அன்று கைக்குழந்தையாக வந்தோர் இன்று பெற்றோராகிவிட்டனர். அந்தத் துயரம் மட்டும் வயதாகி மறைந்துவிடவில்லை.

இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரை ஆராய்ந்த மனநல ஆய்வொன்று 2013இல் வெளியானது. நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் மனநலக் குறைபாடு காணப்பட்டது. கடும் மனச்சோர்வு இருந்ததோ நூற்றுக்கு 5 பேரிடம்தான். 14 பேரிடம், பரிசோதனையில் காரணம் புலப்படாத உடல் உபாதைகளே தென்பட்டன. அதாவது, வாய் சொல்லாததை உடல் சொல்லிக்கொண்டிருந்தது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? "நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் நோகிறது" என்கிறார் உம்மா. பரிசோதனை அறிக்கையில் ஒன்றுமில்லை. உடனே பிள்ளைகள் நடிப்பு என்கின்றனர். அயலார் ஈமான் குறைவு என்கின்றனர். இக்குற்றத்தில் எம் போன்ற மௌலவிமாருக்கும் பங்குண்டு.

யஃகூப் (அலை) அவர்களின் ஈமானைக் குறைகூற எவருக்குத் துணிவு வரும்? மகன் யூஸுபைப் பிரிந்த கவலையில் அந்த நபியின் கண்கள் வெளுத்துப்போயின என்று அல்குர்ஆனின் யூஸுப் அத்தியாயம் கூறுகிறது. இன்னுமா அவரையே நினைக்கிறீர்கள் எனப் பிள்ளைகள் கடிந்துகொண்டதையும் அது மறைக்கவில்லை. அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அத்தோடு நில்லாமல், தேடிச் செல்லுமாறு பிள்ளைகளை அனுப்பியும் வைத்தார்கள். துஆவும் முயற்சியும் ஒரே உள்ளத்தில்தான் இருந்தன.

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் எழுதினார். ஒன்றன் நோய் மற்றொன்றையும் தாக்கும் என்பது அவர் கருத்து. நீடித்த கவலை உறக்கத்தைக் கெடுக்கும், தசைகளை இறுக்கும், இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்யும் என்று இன்றைய வைத்தியமும் சொல்கிறது. நிதானமாக ஓதும் திக்ர் மூச்சைச் சீராக்கும்; சீரான மூச்சு அத்துடிப்பைத் தணிக்கும். ஆயினும் ஓதுவது மட்டும் போதுமென்று வைத்தியரைத் தவிர்ப்பது நபிவழியன்று. சிகிச்சை பெறுமாறு ஏவியவர்கள் நமது நபி (ஸல்) அவர்களே.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தொழிலற்றோர், துணையைப் பிரிந்தோர், உணவுக்குத் திண்டாடுவோர் ஆகியோரிடமே இக்குறைபாடு மிகுந்திருந்தது. ஆகவே மஹல்லாவின் ஸகாத் நிதிக்கும் இங்கே வேலையுண்டு. விதவையின் அடுப்பு எரியாதிருக்க, அவரிடம் பொறுமையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

இளைஞர்களே! இன்று இஷாவுக்குப் பின் கைத்தொலைபேசியை ஒதுக்கிவைத்து, உம்மாவினதோ உம்மும்மாவினதோ அருகில் அமருங்கள். விட்டுவந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அழுதால் தடுக்காதீர்கள். நோவு நீடித்தால் அரசாங்க வைத்தியசாலைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்; உறக்கமின்மையையும் கவலையையும் வைத்தியரிடம் மறையாது சொல்லச் செய்யுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திற்கும் அழைக்கலாம்.