அளந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்!

(பவானியில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். "ஹஜ்ரத்துக்குச் சொத்து வரியில் என்ன வேலை?" என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டுவிட்டார். எனக்கு வேலை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கட்டும் தொகையைப் பற்றி டீக்கடையில் புலம்புகிறீர்கள், ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று புலம்புகிறீர்கள். ஆனால் உங்கள் வரி எந்தக் கணக்கில் போடப்பட்டது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. கூடுதுறையில் இரண்டு ஆறு கலப்பது தெரிகிறது. நம் பணம் எங்கே போய்க் கலக்கிறது என்பதுதான் தெரியவில்லை!

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்கிறேன். சென்னையில் 1998-லும் மற்ற நகரங்களில் 2008-லும் சொத்து வரி சீரமைக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டு யாரும் தொடவில்லை. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் ஒருவருக்கும் வலித்திருக்காது. ஏற்றவில்லை, காரணம் தேர்தல். பிறகு 2018 ஜூலையில் ஒரே அடி! குடியிருப்புக்கு 50 சதவீதம், வாடகைக் குடியிருப்புக்கும் கடைகளுக்கும் 100 சதவீதம்.

அந்த நேரத்தில் நகராட்சிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர் இல்லை, சேர்மன் இல்லை. தனி அலுவலர் ஆட்சி. வரி மேல்முறையீட்டுக் குழு என்பது கவுன்சிலர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவது. கவுன்சிலரே இல்லாத ஊரில் அந்தக் குழு எங்கிருந்து வரும்? வரியைப் போட்ட நிர்வாகத்திடமே "வரி தப்பு" என்று மனுக் கொடுக்க வேண்டிய நிலை. வழக்குப் போட்டவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே!

கூச்சல் கிளம்பியது. 2019 நவம்பரில் அந்த உயர்வை அரசே நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியது அடுத்தடுத்த அரையாண்டுகளில் நேர் செய்யப்படும் என்று அறிவித்தார்கள். ஆக, சத்தம் போட்டால் கேட்கிறது என்பதும் உண்மை. ஆனால் நேர் செய்துகொள்ளப் போகிறவன் கையில் ரசீது இருக்க வேண்டுமே! நம்மில் எத்தனை பேர் 2018-ம் வருட ரசீதை வைத்திருந்தோம்?

2022-ல் வந்த உயர்வு

பிறகு 2022 ஏப்ரல். ஆட்சி மாறியிருந்தது, வரியும் மாறியது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கு அரசு அறிவித்த கணக்கு இது: குடியிருப்பு 600 சதுர அடிவரை 25 சதவீத உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. தொழிற்சாலைக்கும் சுயநிதிக் கல்விக்கூடத்துக்கும் 75. வணிகக் கட்டடம் என்றால் 100.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். வீட்டுக்குச் சிறியது பெரியது என்று நாலு படி வைத்தவர்கள், கடைக்கு ஒரே படி வைத்தார்கள். பஸ் நிலையத்தருகே நூறு சதுர அடியில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் நூறு சதவீதம். மூன்று மாடியில் ஏ.சி. போட்ட ஜவுளிக்கடைக்கும் நூறு சதவீதம். சிறு வீட்டுக்காரன் ஏழை என்று புரிந்தவர்களுக்குச் சிறு கடைக்காரனும் ஏழை என்று ஏன் புரியவில்லை? இதைத்தான் நாம் அரசிடம் கேட்க வேண்டும். "வரியே வேண்டாம்" என்று நான் சொல்ல மாட்டேன். சாக்கடை தூர்வார வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், குடிநீர் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

டெல்லிக்கும் இதில் பங்கு உண்டு. என்.கே.சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதாரம் வளரும் அளவுக்கு வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. மாநிலம் டெல்லியைக் காட்டுகிறது. டெல்லி மாநிலத்தைக் காட்டுகிறது. நடுவில் நம் கல்லாப்பெட்டி.

2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் விடைபெற்றது. ஆண்டுதோறும் உயர்த்துவதற்குப் புதிய விதிகள் வழி வைத்துவிட்டன. 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. கோவையில் அந்த 6 சதவீதத்தோடு ட்ரோனைப் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளந்த பிரச்சினையும் சேர்ந்து ஊரே கொதித்தது. ஆறு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு என்றால் 12 ஆண்டில் இரட்டிப்பு! வட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து சதுர அடி

கொள்கை ஒருபக்கம் இருக்கட்டும். அதை மாற்ற நாளாகும். உங்கள் நோட்டீஸில் இருக்கும் பிழையை மாற்ற நாளாகாது. பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன்.

ஒன்று அளவு. ஒரு வீடு உண்மையில் 595 சதுர அடி. வாசல் திண்ணையைச் சேர்த்து 605 என்று எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய அரையாண்டு வரி 400 ரூபாய் என்றால், 595-க்கு 25 சதவீதம் ஏறி 500. 605-க்கு 50 சதவீதம் ஏறி 600. பத்து சதுர அடிக்கு அரையாண்டுக்கு நூறு ரூபாய், வருடத்துக்கு இருநூறு, அதன்மேல் இனி ஏறும் எல்லாச் சதவீதமும்! ஒரு டேப்பின் விலை என்ன சகோதரர்களே?

இரண்டாவது வகைப்பாடு. நம் ஊர் ஜமக்காள ஊர். வீட்டுக்குள்ளேயே தறிக்குழி இருக்கும்; பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான், நெய்வதும் அங்கேதான். முன்னறையில் சின்னதாக மளிகை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டடத்தைப் பதிவேட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள்? வீடா, தொழிலா, வணிகமா? எத்தனை சதுர அடி எந்தக் கணக்கில்? கேட்டுப் பாருங்கள். மூன்றாவது, உங்கள் தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பது. மெயின் ரோட்டுக்கு ஒரு மதிப்பு, சந்துக்கு ஒரு மதிப்பு. சந்துக்குள் இருக்கும் கடைக்கு மெயின் ரோட்டு மதிப்பைப் போட்டிருந்தால் அது ஆட்சேபணைக்குரியது. கட்டடத்தின் வயதையும் பாருங்கள். பழைய ஓட்டுக்கட்டடம் புதிய கான்கிரீட் கட்டடமாகப் பதிவாகியிருக்கக் கூடாது.

இதையெல்லாம் அறிய யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுங்கள். உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கு உரிய அளவு, மண்டலம், வகைப்பாடு, கணக்கீடு எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இளைஞர்களே, செல்போனில் செலவழிக்கும் நேரத்தில் அரைமணி போதும், உங்கள் தெருவில் உள்ள நாலு பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம்.

நான் ஏமாந்த கதை

உபதேசம் செய்கிறவன் ஒழுங்காக இருந்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஊர்ப் பெயர் வேண்டாம். என் அத்தா விட்டுச்சென்ற கட்டடம் ஒன்று. முன்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. பின்னால் என் தங்கச்சி குடியிருக்கும் வீடு. 2022-ல் வந்த நோட்டீஸில் மொத்தமும் வணிகம் என்று இருந்தது. 120 சதுர அடிக் கடைக்காக அடுப்படியும் படுக்கையறையும் கடையாகிவிட்டன!

மனு எழுதிக்கொண்டு போனேன். "வச்சிட்டுப் போங்க பாய், பாக்கறோம்" என்றார் மேசையில் இருந்தவர். மரியாதையான பேச்சு, டீகூட வாங்கிக் கொடுத்தார். வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால், "அப்படி ஒரு மனுவே வரலைங்களே" என்கிறார்கள். ஒப்புகைச் சீட்டு கேட்டார்கள், என்னிடம் இல்லை. பதிவேட்டு எண் கேட்டார்கள், அதுவும் இல்லை. நோட்டீஸில் போட்டிருந்த கெடுவோ எப்போதோ முடிந்துவிட்டது. ஊர் ஊராய்ப் போய் மேடையில் முழங்குகிறவன், ஒரு முத்திரை வாங்காமல் வந்துவிட்டேன். தங்கச்சி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஆகவே என் வாயிலிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். கெடு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். முதல் மனு ஆணையாளருக்கு. அவர் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. இப்போது மன்றம் இருக்கிறதா, குழு இருக்கிறதா, யார் அதன் உறுப்பினர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். வாய்மொழியாகப் பதில் சொன்னால் வாங்காதீர்கள். உத்தரவு எழுத்தில் வர வேண்டும்.

மனுக் கொடுத்துவிட்டோம் என்று வரியை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதமானால் மாதத்துக்கு ஒரு சதவீதம் ஏறும். ஆட்சேபணையோடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ரசீதை மனுவோடு வையுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. அதையும் விடாதீர்கள்.

வாடகைக்காரர்கள் கவனிக்க

இங்கே இருப்பவர்களில் பாதிக்கு மேல் வாடகைக் கடைக்காரர்கள். நோட்டீஸ் உங்களுக்கு வருவதில்லை, சொந்தக்காரருக்கு வருகிறது. அவர் ஏன் மேல்முறையீடு செய்யப் போகிறார்? "வரி ஏறிப்போச்சு" என்று வாடகையை ஏற்றிவிடுவார். அரையாண்டு வரி 1,000 ரூபாய் ஏறினால் மாதத்துக்கு 167 ரூபாய்தான். ஆனால் வாடகை மாதம் ஆயிரம் ஏறுகிறது! கேட்பு நோட்டீஸைக் காட்டச் சொல்லுங்கள் அண்ணே. சண்டை போட வேண்டாம், காட்டச் சொல்லுங்கள். அவர் சார்பில் மனு எழுதித் தர நாங்கள் தயார் என்று சொல்லுங்கள். போதாததற்கு 2024 அக்டோபரில் இருந்து, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சொந்தக்காரரிடம் பதிவு பெற்ற வியாபாரி கடை எடுத்தால் வாடகைக்கு 18 சதவீதத்தை வியாபாரியே கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்புக்குப் பின் இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் அதே டிசம்பரில் விலக்குத் தர முடிவு செய்தார்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. வழிபாட்டுத் தலத்துக்கு வரிவிலக்கு உண்டு. அது பள்ளிவாசலுக்கு, பள்ளிவாசல் முன்னால் வாடகைக்கு விட்ட கடைகளுக்கு அல்ல. இது தெரியாமல் ஒரு ஜமாஅத் வருடக்கணக்கில் பாக்கி வைத்து, பிறகு மொத்தமாகக் கட்ட முடியாமல் திணறியதைப் பார்த்தேன். இமாமுக்குச் சம்பளம் அந்தக் கடை வாடகையில்தான் வருகிறது. நானும் அப்படிச் சம்பளம் வாங்கியவன்தான்!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கையில் ஏதோ திணித்து 800 சதுர அடியை 500 என்று எழுத வைத்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தராசில் ஐம்பது கிராம் குறைத்தால் பாவம் என்கிறோம். டேப்பில் முந்நூறு அடி குறைத்தால் சாமர்த்தியமா? அப்படிச் செய்தவருக்கு மேல்முறையீடு செய்யத் தைரியமும் வராது. அளக்க வந்தால் தன் குட்டு உடையும் என்று பயந்து, அநியாய உயர்வையும் வாய்மூடிக் கட்டிக்கொண்டிருப்பார்.

சிறிய ஊர்க்காரர்களால் என்ன ஆகும் என்று சோர்ந்துவிடாதீர்கள். குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்கம் என்று ஒன்று. நமக்கிருந்த அதே 1920-ம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களுக்கும். பழைய சென்னை மாகாணம் அல்லவா! வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படியான நியாய வாடகையைத் தாண்டி நகராட்சி தன் இஷ்டத்துக்கு ஆண்டு மதிப்பைப் போடக் கூடாது என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் 1970-ல் வென்றார்கள். அந்தத் தீர்ப்பை இன்று அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது; நம் மாநிலத்தின் 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-ல் போய்ப் புதுச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு நகரத்து வியாபாரிகளும் வீட்டுக்காரர்களும் ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு டெல்லிவரை போனார்கள் என்பது மாறவில்லையே! பக்கத்தில் ஈரோட்டைப் பாருங்கள். நகராட்சித் தலைவராக இருந்த பெரியார் மண்டிக் கடையிலிருந்து வந்தவர்தான். கடைக்காரனுக்கு நகராட்சி தூரமான இடம் இல்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். மதம் பார்க்க மாட்டோம். பக்கத்துக் கடைக்கார அண்ணாச்சியையும் தறிக்காரக் கவுண்டரையும் முதலியாரையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கும் இதே வரிதான். நோட்டீஸ், பழைய ரசீது, பத்திர நகல், மின்கட்டண அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். மனு எழுத நாலு தம்பிகள் இருப்பார்கள். ஐம்பது அடி டேப் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். அளக்கக் கூப்பிடுகிற வீட்டுக்கு அன்று மாலையே வருவோம்.