மரமுடியில் தங்கும் மழை

ஈப்போவுக்கு வடக்கே, செமோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டி வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு, மழை நிற்பதும் மரம் காய்வதும் வெவ்வேறு விஷயங்கள் என்று எவரும் போதிக்க வேண்டியிருந்ததில்லை. இரவு மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னும், இலையிலும் கிளையிலும் தங்கிய ஜலம் அடிமரத்தின் வழியே இறங்கிக்கொண்டிருக்குமானால், வெட்டுக்கோட்டில் ஓடி மங்கில் விழவேண்டிய பால் பட்டையெங்கும் பரவி வீணாகும். ஆதலால் பட்டை உலரும்வரை கத்தி எடுப்பதில்லை, சில நாட்களில் வெட்டே இல்லாமற்போய்க் கூலியும் போகும்.

இப்படி மரமுடியில் தங்கும் நீர் எவ்வளவு? அடர்ந்த காட்டின் இலைப்பரப்பு ஒரு சமயத்தில் ஏந்தி நிற்கும் நீர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனந்தான். அற்பமென்று தோன்றும் இதுவே ஒரு ஹெக்டேர் காட்டில் 10,000 லிட்டராகும். மண்ணைத் தொடாமலே அது ஆவியாகி மேலேற, மறுமழை வந்து மரமுடியை மீண்டும் நனைக்க, வெப்பமண்டலக் காடுகள் பலவற்றில் வருஷ மழையில் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்குவரை இவ்விதம் ஆகாயத்துக்கே திரும்பிவிடுகிறது. மலையோடைகளில் எவ்வளவு நீர் வருமென்று கணிப்பவர் இதை ஒதுக்க முடியாது.

இந்நீரை அளக்க, திறந்த வெளியில் ஒரு மழைமானியும், மரத்தடியில் பல மானிகளும், அடிமரத்தைச் சுற்றி நீரைத் திரட்டும் வளையமும் வைத்துக் கழித்துப் பார்ப்பதே பழைய முறை. ஆனால் கிளேடாங், தித்திவங்சா மலைத்தொடர்கள் முழுவதிலும் மானி வைப்பது யாருக்குச் சாத்தியம்? அங்கேதான் செயற்கைக்கோள் உதவிக்கு வருகிறது. மேகத்தையும் ஊடுருவும் நுண்ணலைகள் மரமுடியிலுள்ள நீரைக் கடக்கையில் வலுவிழக்கின்றன; 2015 ஜனவரியில் ஏவப்பட்ட ‘ஸ்மாப்’ என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், நிலம் இயல்பாக வெளியிடும் நுண்ணலைகளை விண்ணிலிருந்து அளக்க, மரமுடி அவற்றை எவ்வளவு மறைத்தது என்பதிலிருந்து அதிலுள்ள நீரை விஞ்ஞானிகள் அனுமானிக்கிறார்கள். அதன் பார்வையில் ஒரு கட்டம் ஏறக்குறைய 36 கிலோமீட்டர். செமோரும் ஈப்போ நகரமும் மலைச்சரிவுகளும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ‘நிசார்’ என்னும் செயற்கைக்கோள், தானே ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியைப் பெறுவதால் மிக நுட்பமாகக் காணும். ஆனால் ஒரே பாதைக்குத் திரும்ப அதற்கு 12 நாட்களாகும், இலைமேல் நின்ற மழையோ சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும்.

இதனினும் சூட்சுமமான சிக்கல் ஒன்றுண்டு. இலைக்குள் ஓடும் நீரையும், இலைமேல் நிற்கும் மழையையும், விடியற்காலப் பனியையும் நுண்ணலை தானாகப் பிரித்தறியாது. ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ கணக்கே மாறிவிடும். ஆகவே விண்ணின் அளவைத் தரையின் அளவோடு ஒப்பிட்டே திருத்தவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

செமோர்ப் பள்ளிகளின் ஆசிரியர்களே, மாணவர்களே! வெட்டவெளியில் ஒரு மழைமானியும், பக்கத்து மரநிழலில் சிலவும் வைத்து, மழை பெய்த நேரத்தையும் அளவையும் நாள்தோறும் ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள்; தோட்டத்தில் உழைத்த உங்கள் தாத்தா பாட்டியிடம், எந்த மழைக்குப் பின் எத்தனை நேரத்தில் பட்டை உலரும் என்பதையும் கேட்டு, அதே ஏட்டில் எழுதுங்கள்.